காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, ஆனாலும் அம்மாவுக்கு ஃப்ளூ: முதியோர் இல்லத்தில் எதைப் பார்த்துக் கண்டுபிடிப்பது?

#1 டவுன்பஸ்_70

வணக்கம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு 81 வயது. கோவைக்கு வெளியே ஒரு முதியோர் இல்லத்தில் மூன்று வருடமாக இருக்கிறார். நான் சென்னையில். தினமும் காலை ஆறரைக்கு, காப்பி குடித்த கையோடு எனக்கு போன் அடிப்பார். பேச ஒன்றும் இருக்காது. சர்க்கரை போதவில்லை என்பார், வைத்துவிடுவார்.

போன நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை போன் வரவில்லை. நானே அடித்தேன். எடுத்து "சரிப்பா" என்று மட்டும் சொன்னார். ஆபீஸ் நம்பருக்குக் கூப்பிட்டேன். "ரெண்டு நாளா சரியாச் சாப்பிடல சார், டயர்டா இருக்காங்க. காய்ச்சல் பார்த்துட்டோம், 98.9தான், நார்மல். மழை வேற, வயசும் ஆகுதில்ல" என்றார்கள். நானும் சரி என்று வைத்துவிட்டேன்.

வியாழன் விடியற்காலையில் பாத்ரூமில் விழுந்துவிட்டார். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் விரலில் கிளிப் மாட்டிப் பார்த்தால் ஆக்சிஜன் 87. ஃப்ளூ ஏ பாசிட்டிவ். ஒன்பது நாள் இருந்து திரும்பினார். இப்போது நன்றாக இருக்கிறார்.

என்னைக் குடைவது வேறு. டிஸ்சார்ஜ் ஆகி வந்த பிறகு காலை ஷிஃப்ட் ஆயாம்மா சொன்னார்: "திங்கக்கிழமையே என்னைத் தங்கச்சி பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க சார், ரெண்டு தடவ. காப்பி டம்ளரும் அப்படியே இருந்துச்சு." ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். "யாரும் கேக்கலையே சார்."

என் கேள்வி இதுதான். காய்ச்சலே இல்லாமல் வைரஸ் தொற்று இந்த அளவுக்குப் போகுமா? மருத்துவம் படிக்காத ஒருவர் எதைப் பார்த்துச் சுதாரித்துக்கொள்ள முடியும்?

#2 நைட்_டூட்டி

போகும். தினமும் பார்ப்பதுதான். நான் ஊரில் ஆறு வருடம் வார்டில் இருந்துவிட்டு இப்போது இங்கிலாந்தில் ஒரு கேர் ஹோமில் நர்ஸாக இருக்கிறேன். எங்கள் தளத்தில் 80 வயதுக்குக் குறைந்தவர் இரண்டே பேர்.

காய்ச்சல் என்பது கிருமி செய்யும் வேலை இல்லை, உடம்பு எதிர்த்துச் செய்யும் வேலை. வயதாக ஆக அந்த எதிர்ப்பு மந்தமாகிறது. அதனால் சின்ன வயதுக்காரருக்கு 103 ஏறும் அதே ஃப்ளூ, பாட்டிக்கு ஒரு டிகிரி ஏற்றிவிட்டு நின்றுவிடும். இருமவும் தெம்பு வேண்டுமே. நெஞ்சுத் தசை தளர்ந்தவர் இருமுவது பக்கத்து அறைக்குக் கேட்காது.

உங்கள் ஆயாம்மா சொன்னாரே, அதற்கு இங்கே 'சாஃப்ட் சைன்ஸ்' (soft signs, லேசான அறிகுறிகள்) என்று பெயர். சாப்பாட்டைத் தள்ளி வைப்பது, வழக்கத்தை விட அதிகம் தூங்குவது, நேற்று வரை தானாக நடந்தவர் இன்று கைத்தாங்கல் கேட்பது, ஆள் மாற்றிக் கூப்பிடுவது, புதிதாகப் படுக்கையில் சிறுநீர் போவது, விழுவது. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே 'வயசாயிடுச்சு'. இரண்டு நாளுக்குள் புதிதாக வந்திருந்தால் வயசு இல்லை. வயசு இரண்டு நாளில் ஆகாது.

புதிதாக ஒருவர் வந்தால் அவருடைய இயல்பு என்ன என்று முதல் வாரத்திலேயே எழுதி வைப்போம். எத்தனை மணிக்கு எழுவார், எவ்வளவு பேசுவார், அறையிலிருந்து டைனிங் ஹால் வரை எத்தனை இடத்தில் நிற்பார். அது இல்லாமல் 'மாறியிருக்கிறார்' என்று எதை வைத்துச் சொல்வது?

#3 கணக்குப்பிள்ளை

எனக்குத் தெரிந்து வயதானவர்கள் திடீரென்று உளறினால் அது யூரின் இன்ஃபெக்‌ஷன். அப்பாவுக்கு மூன்று முறை அப்படித்தான் சொன்னார்கள், மூன்று முறையும் ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். வைரஸ் என்று யாரும் சொன்னதே இல்லை.

#4 மருந்துச்சீட்டு

பொது மருத்துவன். ஈரோடு பக்கம் இரண்டு இல்லங்களுக்கு வாரம் ஒருமுறை போய் வருகிறேன். இங்கே எழுதுவதை வைத்து யாரும் வைத்தியம் செய்துகொள்ள வேண்டாம், எப்போது கவலைப்பட வேண்டும் என்று தெரிந்துகொள்ள மட்டும்.

முதலில் டவுன்பஸ் சார். அந்த 98.9-ஐ நார்மல் என்று யார் சொன்னது? அம்மாவின் வழக்கமான அளவு எவ்வளவு என்று கேட்டீர்களா? வயதானவர்கள் பலருக்கு இயல்பு நிலையே 97-ஐ ஒட்டித்தான் இருக்கும். நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களுக்கென்று தனியாக ஒரு அளவுகோல் உண்டு. வாயில் வைத்துப் பார்த்து ஒரே தடவை 100 டிகிரியைத் தாண்டினால் காய்ச்சல். திரும்பத் திரும்ப 99-ஐத் தாண்டினாலும் காய்ச்சல். இந்த இரண்டும் இல்லாமல், அவருடைய வழக்கமான அளவை விட 2 டிகிரி ஏறியிருந்தாலும் காய்ச்சல்தான். மூன்றாவதை யாரும் பார்ப்பதில்லை, ஏனென்றால் வழக்கமான அளவு யாரிடமும் கிடையாது.

இன்னொன்று. மூட்டுவலிக்கு டோலோவோ வேறு பாராசிட்டமாலோ தினமும் எடுக்கிறாரா? அப்படியானால் இருக்கிற கொஞ்சக் காய்ச்சலும் அமுங்கிவிடும். பிபிக்கு மெட்டோப்ரோலால் மாதிரி மாத்திரை போட்டால் நாடித் துடிப்பும் ஏறாது. தெர்மாமீட்டரும் நாடியும் இரண்டுமே 'எல்லாம் சரி' என்று பொய் சொல்லும். நெற்றியில் காட்டுகிற துப்பாக்கித் தெர்மாமீட்டரைப் பற்றி நான் எழுத ஆரம்பித்தால் இந்த இழை திசைமாறிவிடும்.

கணக்குப்பிள்ளை அவர்களுக்கு: யூரின் தொற்றால் குழப்பம் வரவே வராது என்று சொல்ல மாட்டேன். ஆனால் இல்லங்களில் இருக்கும் வயதான பெண்களில் கால்வாசி முதல் பாதிப்பேர் வரை, எந்தத் தொந்தரவும் இல்லாமலேயே சிறுநீரில் பாக்டீரியா இருக்கும். அவர்கள் யூரினை எந்த நாளில் எடுத்து கல்ச்சர் போட்டாலும் ஏதாவது வளரும். ஆள் குழம்பியிருக்கிறார், யூரினில் பாக்டீரியா இருக்கிறது, ஆக யூரின்தான் காரணம் என்று முடித்துவிடுகிறோம். எரிச்சலோ அடிவயிற்று வலியோ புதிதாக இல்லாதபோது அந்த முடிவு அவசர முடிவு. அதற்குள் ஃப்ளூ நெஞ்சில் இறங்கிவிடும். ஆன்டிபயாட்டிக் வைரஸை ஒன்றும் செய்யாது, வயிற்றுப்போக்கை வேண்டுமானால் கொடுக்கும்.

#5 கணக்குப்பிள்ளை

அப்பாவுக்கு மூன்றாவது தடவை கூடவே மூக்கு ஒழுகியது. இப்போதுதான் ஞாபகம் வருகிறது. சரி.

#6 டவுன்பஸ்_70

டாக்டர், நீங்கள் கேட்டதும் இல்லத்துக்குப் போன் போட்டு பிபி நோட்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். மாதம் ஒருமுறை பிபி பார்க்கும்போது சிஸ்டர் ஓரத்தில் டெம்பரேச்சரும் எழுதியிருக்கிறார். ஆகஸ்டில் 96.8. செப்டம்பரில் 97. அக்டோபரில் 96.8. எல்லாமே வாயில் வைத்துப் பார்த்தது.

98.9-லிருந்து 96.8 போனால் 2.1.

முழங்காலுக்கு 650 பாராசிட்டமால் காலையும் இரவும் எடுத்துக்கொண்டிருந்தார். அதையும் இப்போதுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

#7 நைட்_டூட்டி

அண்ணா, உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டாம். நானே இதே கணக்கை ஒருமுறை தவறவிட்டிருக்கிறேன், படித்துப் பட்டம் வாங்கிய பிறகு.

ஒன்று சேர்க்கிறேன். இங்கே பிரிட்டனில் நோயாளியின் நிலைக்கு மதிப்பெண் போடும் நியூஸ்2 என்ற முறை இருக்கிறது. 2017-ல் திருத்தியபோது 'புதிதாக வந்த குழப்பம்' என்பதையும் சேர்த்தார்கள். அதற்கு 3 மதிப்பெண். ஆக்சிஜன் 91 அல்லது அதற்குக் கீழே போனாலும் அதே 3தான். அதாவது, தங்கச்சி பெயரைச் சொல்லி ஆயாவைக் கூப்பிட்டதும் ஆக்சிஜன் 91-க்கு இறங்கியதும் ஒரே எடை. இதைப் புதிதாகச் சேரும் ஒவ்வொரு பராமரிப்பாளரிடமும் சொல்வேன்.

குழப்பம் என்றால் கத்துவது, ஊசியைப் பிடுங்குவது என்று நினைக்கிறோம். கத்தும் பாட்டியை எல்லோரும் ஓடிவந்து பார்ப்பார்கள். சத்தமில்லாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் பாட்டியை 'இன்னிக்கு நல்ல பிள்ளையா இருக்காங்க' என்பார்கள். அதுவும் டெலிரியம்தான், அதாவது நோயால் திடீரென்று வரும் மனக்குழப்பம். அதைக் கவனிக்க ஆள் இருக்காது.

#8 மருந்துச்சீட்டு

உண்மை. 2020-ல் அமெரிக்காவில் கோவிடோடு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த முதியவர்கள் 817 பேரை ஆராய்ந்தார்கள். 28 சதவீதம் பேருக்கு டெலிரியம். அவர்களில் 37 சதவீதம் பேருக்குக் காய்ச்சல், மூச்சுத்திணறல் மாதிரி வழக்கமான அறிகுறி எதுவுமே இல்லை.

நான் செய்வது: தமிழ் மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்வேன். பங்குனி, மாசி, தை... போன வாரம் கார்த்திகை வரை வந்தவர் இந்த வாரம் மாசியிலேயே நின்றால் ஏதோ இருக்கிறது. (எனக்கே ஆவணிக்கு அப்புறம் தடுமாறும்.) மாதம் தெரியாதவரிடம் கிழமைகளைக் கேட்கலாம். மறதி நோய் இருப்பவரிடம் இந்தச் சோதனை மட்டும் பத்தாது, அங்கே பராமரிப்பவரிடம்தான் கேட்க வேண்டும், "நேத்தைக்கு இன்னிக்கு எப்படி?" என்று.

#9 இல்லம்_நடத்துபவன்

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு சும்மா இருந்தேன். திருச்சிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன இல்லம் நடத்துகிறேன். 38 பேர் இருக்கிறார்கள். பகலில் நான்கு ஆயாக்கள், இரவில் இரண்டு பேர், சிஸ்டர் ஒருவர். இயல்பை எழுதி வை, மாதம் சொல்லச் சொல், எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆயாம்மா ஒருவருக்குக் காலையில் குளிப்பாட்டி உடை மாற்ற ஒன்பது பேர். அதில் மூன்று பேர் படுத்த படுக்கை. எழுதுவதற்கு எங்கே நேரம்? எழுதத் தெரிந்தவர் நான்கில் இரண்டு பேர்.

சொந்தக்காரர்களையும் சொல்ல வேண்டும். சந்தேகத்துக்கு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் "ஒண்ணுமில்லாததுக்கு எதுக்கு அனுப்புனீங்க, பில் யார் கட்டுறது?" அனுப்பாவிட்டால் "ஏன் அனுப்பல?" போன வருடம் இரண்டையும் ஒரே ஆள் ஒரே மாதத்தில் கேட்டார்.

#10 டவுன்பஸ்_70

நீங்கள் சொல்வது புரிகிறது. சண்டை போட வரவில்லை. ஆனால் அந்த ஆயாம்மா எழுத வேண்டியதே இல்லையே. அவருக்குத் தெரிந்திருந்தது. திங்கட்கிழமையே தெரிந்திருந்தது. ஷிஃப்ட் மாறும்போது "யாராவது இன்னிக்கு வேற மாதிரி இருக்காங்களா?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

#11 இல்லம்_நடத்துபவன்

அதைச் செய்யலாம். அதற்கு நேரம் ஆகாது.

இன்னொன்றையும் நானே ஒப்புக்கொள்கிறேன், ஏனென்றால் யாரும் இங்கே தொடவில்லை. கிருமி உள்ளே வருவது எப்படி? பெரும்பாலும் எங்கள் மூலமாகத்தான், அப்புறம் ஞாயிற்றுக்கிழமை பேரப்பிள்ளைகள் மூலமாக. ஆயாவுக்குச் சளி பிடித்தால் லீவு போட மாட்டார், ஒரு நாள் கூலி போய்விடும். மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்து சோறு ஊட்டுவார். போன மழைக்காலத்திலிருந்து சளி, காய்ச்சல் என்றால் மூன்று நாள் சம்பளத்தோடு லீவு என்று வைத்தேன். இரண்டு பேர் ஏமாற்றினார்கள். பரவாயில்லை, ஒரு ஆஸ்பத்திரி பில்லை விட மலிவு.

#12 நைட்_டூட்டி

சார், இதை எங்கள் மேனேஜருக்கு மொழிபெயர்த்துக் காட்ட வேண்டும்.

'அறிகுறி வரட்டும் பார்ப்போம்' என்பதில் இருக்கும் ஆபத்துக்கு ஒரு உதாரணம். 2020 மார்ச்சில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் கிங் கவுண்டியில், ஒரு முதியோர் பராமரிப்பு மையத்தில் அறிகுறி இருக்கிறதோ இல்லையோ 76 பேருக்குச் சோதனை செய்தார்கள். 48 பேருக்குக் கோவிட். அதில் 27 பேருக்குச் சோதனை செய்த அன்று எந்த அறிகுறியும் இல்லை. அடுத்த சில நாட்களில் அவர்களில் 24 பேருக்கு வந்தது. அறிகுறி வந்தவரை மட்டும் தனி அறையில் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தால், மீதிப்பேர் டைனிங் ஹாலில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

ஃப்ளூவுக்கு ஒரு விதி ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். 72 மணி நேரத்துக்குள் ஒரே இல்லத்தில் இரண்டு பேருக்குச் சளி, இருமல், திடீர்ச் சோர்வு என்று வந்தால், அதைத் தற்செயல் என்று விடாமல் சோதனை செய்ய வேண்டும். அவர்களில் ஒருவருக்கு ஃப்ளூ உறுதியானாலும் அது பரவல்தான்.

#13 மருந்துச்சீட்டு

சீக்கிரம் சோதனை செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஃப்ளூ என்று தெரிந்தால் அந்த வைரஸுக்கான மருந்து ஓசெல்டாமிவிர் இருக்கிறது. முதல் 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் பலன் அதிகம். முதியவருக்கும் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவருக்கும் தாமதமானாலும் கொடுப்போம். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்து அளவைக் குறைக்க வேண்டியிருக்கும், அதனால் பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் வாங்காதீர்கள். தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழையோடு ஃப்ளூவும் ஏறும். தடுப்பூசியை மழைக்கு முன்பே போட்டுவிடுவது நல்லது, வருடா வருடம்.

ஆக்சிஜன் கிளிப் எல்லா இல்லத்திலும் ஒன்று இருக்க வேண்டும். ஆனால் கை சில்லிட்டிருந்தாலோ நகப்பூச்சு இருந்தாலோ அது தப்பாகக் காட்டும். கறுத்த தோலில் உண்மையை விட அதிகமாகக் காட்டவும் செய்யும். நம் ஊரில் இதைச் சொல்லாமல் விடக் கூடாது. விரலைத் தேய்த்துச் சூடாக்கி, ஒரு நிமிடம் அப்படியே வைத்துவிட்டுப் படியுங்கள். 92 அல்லது அதற்குக் கீழே என்றால் பேச்சே வேண்டாம், 108. 93, 94 என்றால் அன்றே டாக்டர். பழைய நுரையீரல் நோய் இருப்பவருக்கு இந்த எண்கள் மாறும்.

கிளிப் இல்லையா? மூச்சை எண்ணுங்கள். எண்ணுகிறோம் என்று சொல்லாமல், நாடி பார்ப்பது போல் கையைப் பிடித்துக்கொண்டு, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். 25-ஐத் தொட்டால் அவசரம். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குவது வயதானவர்களிடம் சரிவராது, இடையில் விட்டு விட்டு மூச்சு விடுவார்கள்.

#14 மிளகுரசம்

எல்லாம் சரி, ஆரம்பத்திலேயே நிலவேம்புக் கஷாயமும் மிளகு ரசமும் கொடுத்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. எங்கள் பாட்டி 94 வயது வரை ஆஸ்பத்திரி வாசல் மிதிக்கவில்லை.

#15 நைட்_டூட்டி

மிளகு ரசத்தோடு எனக்குச் சண்டை இல்லை, இங்கே குளிரில் தினமும் அதுதான். ஆனால் ஒரு விஷயம். அரைத்தூக்கத்தில் சோர்ந்து கிடப்பவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், கஷாயமானாலும் ஹார்லிக்ஸானாலும். புரையேறி நுரையீரலுக்குள் போனால் அதுவே நிமோனியா. நிமிர்த்தி உட்கார வைத்து, முழித்திருக்கிறாரா என்று பார்த்து, ஸ்பூன் ஸ்பூனாக.

#16 மிளகுரசம்

அதை ஒத்துக்கொள்கிறேன்மா. எங்கள் பெரியம்மாவுக்கு அப்படி ஆகியிருக்கிறது.

#17 மாடிப்படி

சளி, ஃப்ளூவை விடுங்கள். எங்கள் அத்தைக்கு வலது விலாவில் மூன்று நாள் எரிச்சல் வலி. வாயு என்றார்கள், அப்புறம் ஹார்ட் என்று ஈசிஜி எடுத்தார்கள். நான்காம் நாள் கொப்புளம் வந்ததும்தான் அக்கி என்று தெரிந்தது. இதுவும் வைரஸ்தானே?

#18 மருந்துச்சீட்டு

வைரஸ்தான். சின்ன வயதில் வந்த சின்னம்மையின் அதே கிருமி நரம்பில் பதுங்கியிருந்து வருவது. உடம்பின் ஒரு பக்கம் மட்டும், பட்டை போல எரிச்சல் என்றால் குளிப்பாட்டும்போது அந்த இடத்தைத் தினமும் பாருங்கள். கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள் மருந்து ஆரம்பித்தால் நல்லது. நெற்றியிலோ மூக்கு நுனியிலோ வந்தால் கண்ணுக்கு ஆபத்து, அன்றே கண் டாக்டர். செம்மண் பூசி மந்திரிக்கப் போனால் அந்த மூன்று நாள் அங்கேயே போய்விடும்.

இரண்டு விஷயத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வாந்தி பேதி நான்கைந்து பேருக்கு ஒன்றாக வந்தால் சமையல்காரரைத் திட்டுவதற்கு முன் நோரோவைரஸை நினையுங்கள். அதற்கு சானிடைசர் போதாது, சோப்பும் தண்ணீரும்தான். அந்த நாட்களில் நீர் பிரியும் மாத்திரை, சில பிபி மாத்திரை, சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் தொடரலாமா என்று டாக்டரைக் கேளுங்கள், வறண்ட உடம்பில் அவை சிறுநீரகத்தைப் படுத்தும். டெங்கு என்றால் காய்ச்சல் விடுகிற நாள்தான் கவனிக்க வேண்டிய நாள், 'ஜுரம் விட்டாச்சு' என்று ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்துவிடாதீர்கள். உடம்பு வலிக்கு டைக்ளோஃபெனாக் ஊசி போடச் சொல்லிக் கேட்கவும் வேண்டாம்.

#19 டவுன்பஸ்_70

ஒரு தகவல். அம்மாவின் இல்லத்தில் பேசினேன். ஷிஃப்ட் மாறும்போது அந்தக் கேள்வியைக் கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள். எழுதத் தெரியாத ஆயாக்களுக்காக சிஸ்டர் ஒரு வழி செய்திருக்கிறார்: வராந்தாவில் ஒவ்வொருவர் பெயரும் போட்ட மரப்பலகை, பக்கத்தில் ஆணி. யாராவது வழக்கம்போல இல்லை என்றால் ஆயாம்மா அந்த ஆணியில் ஒரு ரப்பர் பேண்டை மாட்டிவிட வேண்டும். காரணம் சொல்ல வேண்டாம். மாட்டினால் சிஸ்டர் போய் டெம்பரேச்சர், ஆக்சிஜன், மூச்சு மூன்றையும் பார்ப்பார். முதல் வாரத்தில் பதினொரு ரப்பர் பேண்ட். எட்டு ஒன்றுமில்லை. இரண்டு மலச்சிக்கல். ஒன்று கோவிட், 72 வயது தாத்தா, காய்ச்சல் இல்லை. அன்று அவர் சீட்டாட வரவில்லை என்று மாட்டியிருக்கிறார்கள்.

#20 இல்லம்_நடத்துபவன்

பலகை போட்டோ அனுப்ப முடியுமா? பெயர்களை மறைத்துவிட்டு.

#21 புதுவரவு_2

இழை பழையதாகிவிட்டது, மன்னிக்கவும். மாமனார், 78 வயது, திண்டுக்கல் பக்கம் ஒரு இல்லத்தில் இருக்கிறார். நேற்றிலிருந்து சாப்பிடவில்லை, என்னை அடையாளம் தெரியவில்லை, நேற்று மாலை நடக்கும்போது சாய்ந்துவிட்டார். காய்ச்சல் இல்லையாம், 98.4. ஞாயிற்றுக்கிழமை டாக்டர் வரமாட்டார், திங்கட்கிழமை காட்டலாம் என்கிறார்கள். என்ன செய்யலாம்?

#22 நைட்_டூட்டி

திங்கட்கிழமை வேண்டாம். முதலில் ஆக்சிஜன் பார்க்கச் சொல்லுங்கள், மூச்சை எண்ணச் சொல்லுங்கள், சர்க்கரை இருந்தால் அதையும் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். வாய் கோணியிருக்கிறதா, ஒரு பக்கக் கை தூக்க முடியவில்லையா என்று பாருங்கள், அது பக்கவாதமாகவும் இருக்கலாம். எது எப்படி வந்தாலும் இன்றே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். தினமும் போடும் மாத்திரைகளைக் கவரோடு எடுத்துக்கொண்டு போங்கள். "98.4, ஆனால் இவருடைய வழக்கமான அளவு தெரியாது" என்று அங்கே சொல்லுங்கள். இங்கே அப்புறம் எழுதிக்கொள்ளலாம், கிளம்புங்கள்.

#23 புதுவரவு_2

கிளம்பிட்டோம். ஆக்சிஜன் 90.